கடலைச் சுமந்து வரும் பறவைகள்

துருவ நாட்டு மண் வளம் பெறும் கதை

வட துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தெற்கே ஹார்ன்சுண்ட் என்னும் குறுகிய கடற்கழி ஒன்று இருக்கிறது. நார்வே நாட்டுக்கு உரிய ஸ்வால்பார்டு தீவுக் கூட்டத்தின் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனில் அது அமைந்துள்ளது. போலந்து நாட்டு அறிவியலாளர்கள் 1957ஆம் ஆண்டில் அங்கே நிறுவிய ஆய்வு நிலையம் இன்றும் இயங்கி வருகிறது.

ஒரு ஜூலை மாதத்தில் அந்தக் கடற்கழியின் கரையோரமாக நாம் நடந்து செல்வதாக எண்ணிக் கொள்ளுங்கள். கால் வைக்கும் இடமெல்லாம் சரளைக் கற்கள். அவற்றின் இடையே சாம்பல் நிற மண். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டை விரல் உயரம்கூட இல்லாத சிறு செடிகள். ஒரு மலைத் திருப்பத்தைக் கடந்ததும் காட்சி மாறிவிடுகிறது. எதிரே ஒரு சரிவு முழுவதும் பச்சைப் பசேல் என்றிருக்கிறது. மாஸ் என்னும் பூவாத் தாவரம் மெத்தைபோல் படர்ந்து நம் காலை உள்வாங்குகிறது. துருவ மான்கள் மேய்கின்றன. காட்டு வாத்துகள் குஞ்சுகளுடன் புல்லைக் கொறிக்கின்றன.

இரண்டு இடங்களுக்கும் ஒரே சூரியன், ஒரே குளிர், ஒரே மழை. பாறையும் பெரும்பாலும் ஒரே வகைதான். பின் ஏன் ஒரு சரிவு வறண்டும் மற்றொன்று செழித்தும் இருக்கின்றன?

அண்ணாந்து பார்த்தால் விடை தெரியும். பச்சைச் சரிவுக்கு மேலே பாறைக் குவியல்களின் இடுக்குகளில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் கூச்சலிட்டுக் கொண்டிருக்கின்றன. இந்த நிலத்திற்கு உரமிடும் உழவர்கள் அவையே.

குளிர் நிலத்தின் வறுமை

நல்ல மண் உருவாக என்ன வேண்டும்? பாறை சிதைந்து பொடியாக வேண்டும். செடிகளும் உயிர்களும் மடிந்து மட்க வேண்டும். அவற்றிலுள்ள சத்துகளை நுண்ணுயிரிகள் மீண்டும் செடிகள் உண்ணும் உருவத்திற்கு மாற்ற வேண்டும். காற்றில் ஏராளமாக உள்ள நைட்ரஜனைச் சில பாக்டீரியாக்கள் பிடித்து மண்ணில் சேர்க்க வேண்டும்.

இந்த வேலைகள் அனைத்திற்கும் வெப்பமும் நீரும் தேவை. துருவப் பகுதிகளில் இரண்டும் அரிது. ஆண்டின் பெரும்பகுதியில் நிலம் இறுகி உறைந்து கிடக்கும். கோடையிலும் மேற்பரப்பில் சிறிதளவு ஆழமே உருகும். அதற்குக் கீழே உள்ள மண் ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். குளிரில் வேதி வினைகள் மெதுவாக நடப்பதால் பாறை சிதைவதும், இறந்த செடிகள் மட்குவதும் நத்தை வேகத்தில் நடைபெறுகின்றன. அங்கே செடிகள் ஏங்குவது வெப்பத்திற்கு மட்டுமல்ல. நைட்ரஜனுக்கும் பாஸ்வரத்திற்கும் அவை ஏங்குகின்றன.

ஆனால் பக்கத்திலேயே உள்ள கடலின் நிலை வேறு. குளிர்ந்த துருவக் கடல்கள் கோடையில் உயிர்களால் நிரம்பி வழிகின்றன. சூரியன் மறையாத அந்த மாதங்களில் கண்ணுக்குத் தெரியாத மிதவைத் தாவரங்கள் பல்கிப் பெருகுகின்றன. அவற்றை நுண்ணிய இறால் இனங்கள் உண்கின்றன. அவற்றை மீன்களும் பறவைகளும் உண்கின்றன. செல்வம் கடலில், வறுமை கரையில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கு கொண்டு செல்ல ஒரு வண்டி வேண்டும் அல்லவா? கடற்பறவைதான் அந்த வண்டி.

கடற்பறவைகள் இரை தேடுவது கடலில். ஆனால் முட்டையிட அவை நிலத்திற்கு வந்தே தீரவேண்டும். கடலில் உண்டதைக் கரையில் எச்சமாக இடுகின்றன. அத்துடன் உடைந்த முட்டைகள், உதிர்ந்த இறகுகள், குஞ்சுகளுக்கு ஊட்டும்போது சிந்திய இரை, இறந்த பறவைகளின் உடல்கள் எல்லாம் அங்கேயே மண்ணில் சேர்கின்றன.

எச்சத்தில் என்ன இருக்கிறது?

பாலூட்டிகள் தம் உடலில் மிஞ்சும் நைட்ரஜனைப் பெரும்பாலும் யூரியாவாக்கி, நீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. பறவைகள் அதை யூரிக் அமிலமாக மாற்றி, நீர் குறைந்த வெண்மையான கூழாக வெளியேற்றுகின்றன. பறவை எச்சத்தில் நாம் காணும் வெள்ளைப் பகுதி இதுவே.

யூரிக் அமிலத்தின் ஒரு மூலக்கூறில் கார்பன் 5, ஹைட்ரஜன் 4, நைட்ரஜன் 4, ஆக்சிஜன் 3 அணுக்கள் உள்ளன. அணு நிறைகளைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்பன் 60, ஹைட்ரஜன் 4, நைட்ரஜன் 56, ஆக்சிஜன் 48, மொத்தம் 168. இதில் நைட்ரஜனின் பங்கு 56, அதாவது சரியாக மூன்றில் ஒரு பங்கு! உழவர் கடையில் வாங்கும் உரங்கள் பலவற்றிற்குச் சற்றும் குறையாத சரக்கு இது.

ஆனால் யூரிக் அமிலத்தைச் செடி அப்படியே உண்ண முடியாது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதைப் படிப்படியாக உடைத்து யூரியாவாகவும், பின்னர் அம்மோனியாவாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவின் ஒரு பகுதி வாயுவாகக் காற்றில் கலந்துவிடும். பறவைக் குடியிருப்புகளின் அருகே மூக்கைத் துளைக்கும் நெடி வருவது இதனால்தான். எஞ்சியது அம்மோனியம் உப்பாக மண்ணில் தங்குகிறது. வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அம்மோனியமும் நைட்ரேட்டுமே செடியின் வேர் விரும்பி உறிஞ்சும் உருவங்கள்.

எச்சத்தில் பாஸ்வரமும் நிறைய உண்டு. பறவை உண்ட மீன் எலும்புகளிலிருந்தும், இறால் இனங்களின் உடலிலிருந்தும் வருவது அது. இவ்விரண்டு சத்துகளின் குணமும் வேறு வேறு. நைட்ரஜன் அன்றாடக் கூலி போன்றது. வந்த வேகத்தில் காற்றிலும் நீரிலும் செலவாகிவிடும். பாஸ்வரமோ பாட்டன் விட்டுச் சென்ற நிலம் போன்றது. மண்ணிலுள்ள கால்சியம், இரும்பு, அலுமினியம் ஆகியவற்றுடன் பிணைந்து தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்; பின்னால் பயன்படும்.

பறவைக்குப் பறவை வேறுபாடு

ஹார்ன்சுண்டில் நாம் கண்ட பச்சைச் சரிவை உருவாக்கியது லிட்டில் ஆக் என்னும் சிறிய பறவை. மைனாவைவிடச் சற்றுப் பருத்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. எடை 150 கிராம் அளவில் இருக்கும். கடலில் மூழ்கி, கோப்பிபோடு என்னும் அரிசி அளவேயான ஓட்டுடலிகளைப் பிடித்துத் தொண்டைப் பையில் நிரப்பிக் கொண்டு வந்து தன் ஒரே குஞ்சுக்கு ஊட்டும். ஸ்வால்பார்டில் இவை பல லட்சக் கணக்கில் உள்ளன.

இந்தப் பறவை மலைச் சரிவில் குவிந்து கிடக்கும் பாறைத் துண்டுகளின் அடியில் கூடு வைக்கிறது. சில குடியிருப்புகள் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளியும் இருக்கும். எனவே அதன் எச்சம் முழுவதும் நிலத்தின்மீதே விழுகிறது. பனி உருகி ஓடும் நீர் அதைக் கரைத்துச் சரிவின் கீழே உள்ள சமவெளிக்குக் கொண்டு செல்கிறது. குடியிருப்பின் அருகே மண்ணில் சத்து மிகுந்தும், விலகிச் செல்லச் செல்லக் குறைந்தும் இருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர்.

கிட்டிவேக், தடித்த அலகுடைய கில்லிமாட் போன்ற மீனுண்ணும் பறவைகளின் வழக்கம் வேறு. அவை கடலை ஒட்டிய செங்குத்தான பாறைச் சுவர்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சத்தில் பெரும்பகுதி நேரே கடலில் விழுந்து, வந்த இடத்திற்கே திரும்பிவிடுகிறது. பாறைச் சுவரின் அடியில் உள்ள குறுகிய பட்டை மட்டும் வளம் பெறுகிறது. அந்தப் பட்டையில் ஸ்கர்வி புல் என்னும் சிறு செடி தழைத்து வளரும். வைட்டமின் சி நிறைந்த இதன் இலைகளைத் தின்று, பண்டைய மாலுமிகள் ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோயிலிருந்து தப்பினார்கள். பறவை இட்ட உரம் மனித உயிரையும் காத்திருக்கிறது!

ஸ்வால்பார்டின் நீ-ஒலசுன் என்னும் இடத்தில் 2008ஆம் ஆண்டு முதல் ஹிமாத்ரி என்னும் இந்திய ஆய்வு நிலையமும் செயல்பட்டு வருகிறது என்பதை இங்கே குறிப்பிடலாம்.

பென்குவின் ஆக்கிய மண்

இனி உலகின் மறு கோடிக்குச் செல்வோம். அண்டார்க்டிகாவில் பனிக்கட்டி மூடாத நிலம் மொத்தப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அடேலி பென்குவின் கூழாங்கற்களை அடுக்கிக் கூடு கட்டும் பறவை. அதற்கு வெறும் நிலம் தேவை; கடலும் அருகில் இருக்க வேண்டும். எனவே மண் உருவாகக் கூடிய அரிய இடங்கள் பலவற்றில் பென்குவின்களே குடியேறுகின்றன. டேஞ்சர் தீவுகள் என்னும் சிறு தீவுகளில் 15 லட்சத்திற்கும் மேற்பட்ட அடேலி பென்குவின்கள் வாழ்வதாக 2018இல் அறிவிக்கப்பட்டது. அவற்றின் எச்சக் கறையை விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்களின் படங்களிலும் காணலாம்.

இப்படிப் பறவைகளால் ஆன மண்ணுக்கு 'ஆர்னித்தோஜெனிக் மண்' என்று 1959இல் பெயரிட்டவர் சோவியத் ஆய்வாளர் சிரோயெச்கோவ்ஸ்கி. 'ஆர்னிஸ்' என்றால் கிரேக்க மொழியில் பறவை. நாம் இதைப் 'பறவையாக்க மண்' எனலாம்.

ஒரு பென்குவின் குடியிருப்பை நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பார்த்தால் மண்ணின் கதை வட்டம் வட்டமாக எழுதப்பட்டிருப்பது தெரியும். நடுவில் செடி எதுவும் இல்லை. உரம் அங்கே அளவுக்கு மிஞ்சிவிட்டது. அம்மோனியாவும் உப்பும் இளஞ்செடியைக் கருக்கிவிடும். போதாக்குறைக்குப் பறவைகளின் ஓயாத மிதி வேறு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இந்த மண்ணுக்கும் பொருந்தும். அடுத்த வட்டத்தில் பிரேசியோலா என்னும் பச்சை ஆல்கா சுருண்ட தாள்போல் படர்கிறது. மிகுந்த நைட்ரஜனைத் தாங்க வல்லது அது. அதற்கும் அப்பால் மாஸ் வகைகள். சற்று வெப்பமான அண்டார்க்டிகத் தீபகற்பப் பகுதியில், அக்கண்டத்தின் இரண்டே பூக்கும் தாவரங்களில் ஒன்றான அண்டார்க்டிகப் புல்லும் அவற்றுடன் வளர்கிறது. பாறைகளில் செம்மஞ்சள் நிற லைக்கன்கள் ஒட்டியிருக்கின்றன.

வட்டம் இத்துடன் முடிவதில்லை. காற்றில் கலந்த அம்மோனியா தொலைவில் சென்று மீண்டும் மண்ணில் படிகிறது. குடியிருப்புகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் செடிகளிலும் மண்ணிலும் பறவை தந்த நைட்ரஜன் இருப்பதை 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அத்தகைய இடங்களில் மண்ணில் வாழும் சிற்றுயிர்களான உண்ணி இனங்களும் துள்ளுவாலிப் பூச்சிகளும் மிகுதியாக இருந்தன.

பென்குவின்கள் ஓர் இடத்தைக் கைவிட்டுச் சென்றால் என்ன ஆகும்? மிதி நின்றுவிடும். மிகையான உப்பும் அம்மோனியாவும் மழை நீரிலும் பனி நீரிலும் கரைந்து குறையும். ஆனால் பாஸ்வரம் தங்கிவிடும். முன்பு சொன்ன கூலி, நிலம் உவமை இப்போது நினைவுக்கு வருகிறதா? கிங் ஜார்ஜ் தீவில் போலந்து ஆய்வாளர்கள் தாத்தூர், மிர்ஹா ஆகியோர் 1980களில் இந்த மண்ணைத் தோண்டி ஆராய்ந்தனர். எச்சத்திலிருந்து கசிந்த பாஸ்பேட் கரைசல் அடியிலுள்ள பாறையைத் தாக்கி, அதிலிருந்த இரும்புடனும் அலுமினியத்துடனும் சேர்ந்து புதிய கனிமங்களாக மாறியிருந்தது. லியூக்கோபாஸ்பைட் என்பது அவற்றில் ஒன்று. பறவையின் எச்சம் பாறையையே உருமாற்றிவிட்டது! கைவிடப்பட்ட இத்தகைய மேடுகளில்தான் தாவரங்கள் செழித்து வளர்கின்றன.

சுவடு பிடிக்கும் முறை

மண்ணிலுள்ள நைட்ரஜன் பறவையிடமிருந்து வந்ததா, காற்றிலிருந்து வந்ததா என்று எப்படிக் கண்டறிகிறார்கள்? நைட்ரஜனே தன் ஊரைச் சொல்லிவிடுகிறது.

நைட்ரஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறை எண் 14. ஏறத்தாழ 270 அணுக்களில் ஒன்றின் நிறை எண் மட்டும் 15. ஓர் உயிர் மற்றோர் உயிரை உண்ணும்போது, இலேசான நைட்ரஜன்-14 கழிவில் சற்று எளிதாக வெளியேறும். கனமான நைட்ரஜன்-15 உடலில் சற்று மிகுதியாகத் தங்கும். மிதவைத் தாவரம், கோப்பிபோடு, மீன், பறவை என்று உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் கனமான நைட்ரஜனின் விகிதம் கூடிக்கொண்டே போகும். மேலும், எச்சத்திலிருந்து அம்மோனியா ஆவியாகும்போதும் இலேசான நைட்ரஜனே முந்திக் கொண்டு பறக்கிறது. ஆகவே பறவை வளர்த்த மண்ணிலும், அதில் முளைத்த புல்லிலும், அந்தப் புல்லைத் தின்ற பூச்சியிலும் நைட்ரஜன்-15 மற்ற இடங்களைவிட மிகுதியாக இருக்கும். இதை நிறை நிரல்மானி என்னும் கருவியால் அளக்கலாம்.

மண் வரலாற்றையும் சொல்லும். கிங் ஜார்ஜ் தீவை அடுத்த ஆர்ட்லி தீவில் ஓர் ஏரியின் அடி வண்டலைச் சீன ஆய்வாளர்கள் துளையிட்டு எடுத்தனர். அடுக்கடுக்காகப் படிந்த அந்த வண்டலில் பென்குவின் எச்சத்திற்கே உரிய தனிமங்களின் அளவைக் கொண்டு, 3,000 ஆண்டுகளில் அங்கே பென்குவின்களின் எண்ணிக்கை எவ்வாறு ஏறி இறங்கியது என்பதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

நரி வந்தது, புல் மறைந்தது

இதுவரை சொன்னதைக் கேட்டு நீங்கள் ஒரு கேள்வி எழுப்பலாம்: "மண் வளமாக இருந்ததால் செடி வளர்ந்தது, பறவையும் அங்கே வந்தது என்று ஏன் இருக்கக் கூடாது?" நல்ல கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமானால், ஒரே மாதிரியான தீவுகளை எடுத்துச் சிலவற்றில் பறவைகளை நீக்கிவிட்டு, நூறு இருநூறு ஆண்டுகள் காத்திருந்து பார்க்க வேண்டும். யாரால் முடியும்?

எவரும் திட்டமிடாமலே இந்தச் சோதனை நடந்துவிட்டது. அலாஸ்காவிலிருந்து ஆசியாவை நோக்கி வளைந்து செல்லும் அலூஷியன் தீவுகளுக்கு 1741இல் பெரிங்கின் கடற்பயணக் குழு சென்றது. அதன் பின் மென்மயிர் வணிகர்கள் அங்கே வந்தனர். விலையுயர்ந்த தோலுக்காக ஆர்க்டிக் நரிகளைப் பல தீவுகளில் கொண்டுபோய் விட்டனர். சுற்றிலும் கடல் இருந்ததால் வேலி தேவைப்படவில்லை. தீனியும் போட வேண்டியதில்லை. நிலத்தில் கூடு வைத்த கடற்பறவைகளே தீனியாயின. சில தீவுகள் மட்டும் தற்செயலாக நரியின் கால்படாமல் தப்பின.

அமெரிக்க ஆய்வாளர் டொனால்டு குரோலும் அவருடைய குழுவினரும் நரி புகுந்த 9 தீவுகளையும் நரி புகாத 9 தீவுகளையும் ஒப்பிட்டு 2005இல் முடிவுகளை வெளியிட்டனர். நரி புகாத தீவுகளில் ஆண்டுதோறும் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் சுமார் 362 கிராம் எச்சம் விழுந்தது. நரி புகுந்த தீவுகளிலோ 6 கிராமுக்கும் குறைவு. அதாவது அறுபதில் ஒரு பங்கு! மண்ணிலிருந்த பாஸ்வரமும் நரியில்லாத தீவுகளில் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது.

தீவுகளின் தோற்றமே மாறியிருந்தது. நரி இல்லாத தீவுகளில் உயரமான புல்வெளி. நரி உள்ள தீவுகளில் தரையோடு தரையாகப் படர்ந்த குறுஞ்செடிகளும் மாஸும். ஆய்வாளர்கள் அத்துடன் நிற்கவில்லை. நரி புகுந்த ஒரு தீவில் சில பாத்திகளைத் தேர்ந்து மூன்று ஆண்டுகள் உரமிட்டுப் பார்த்தனர். அந்தப் பாத்திகளில் மட்டும் புல் பெருகியது! பறவை வந்ததால்தான் மண் வளம் பெற்றது என்பது ஐயமின்றி உறுதியாயிற்று. நரி ஒரு புல்லைக்கூடக் கடிக்கவில்லை. ஆனாலும் அது பறவையை அழித்தபோது, கடலுக்கும் மண்ணுக்கும் இடையே ஓடிய வண்டி நின்றது, புல்வெளியும் மறைந்தது.

1949ஆம் ஆண்டு முதல் அத்தீவுகளிலிருந்து நரிகளை அகற்றும் பணி தொடங்கியது. நரி அகன்ற தீவுகள் பலவற்றிற்குப் பறவைகள் திரும்பி வந்துள்ளன.

நாளைய மண்

ஹார்ன்சுண்டின் பச்சைச் சரிவுக்கு மீண்டும் வருவோம். அங்கே நரியைவிட மெதுவாக வரும் ஆபத்து ஒன்று உள்ளது. லிட்டில் ஆக் விரும்பி உண்பது குளிர்ந்த கடல்நீரில் வாழும், கொழுப்பு மிகுந்த பெரிய கோப்பிபோடு இனத்தை. புவி வெப்பமடைவதால் அட்லாண்டிக் கடலின் வெப்ப நீர் வடக்கே பரவும்போது, அதனுடன் வருவது கொழுப்புக் குறைந்த சிறிய இனம். அதைப் பிடித்துக் குஞ்சை வளர்க்க அந்தப் பறவை கூடுதலாக உழைக்க வேண்டும். லிட்டில் ஆக் குறைந்து, அதனிடத்தில் மீனுண்ணும் பறவைகள் பெருகினால் என்ன ஆகும்? அவை கூடு கட்டுவது கடலோரப் பாறைச் சுவர்களில் என்று பார்த்தோம். பறவைகளின் எண்ணிக்கை குறையாவிட்டாலும், உரம் கடலிலேயே விழும். உள்நாட்டுச் சரிவுகள் பட்டினி கிடக்கும். புல் குறைந்தால் மானும் வாத்தும் எங்கே போகும்? இந்த எச்சரிக்கையைப் போலந்து ஆய்வாளர்கள் 2007இலேயே விடுத்தனர்.

கடலின் வெப்பநிலை சற்று மாறுகிறது. ஓர் அரிசி அளவு உயிர் இடம் பெயர்கிறது. மைனா அளவுப் பறவை ஒன்று குறைகிறது. மலைச் சரிவின் மண் வறுமையடைகிறது. இந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்ப்பதுதான் சூழலியல். காலடி மண்ணைப் பற்றி அறிய விரும்புகிறவர் சில வேளைகளில் கடலையும் வானத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள்

1. யூரியாவின் ஒரு மூலக்கூறில் கார்பன் 1, ஆக்சிஜன் 1, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 4 அணுக்கள் உள்ளன. அதில் நைட்ரஜனின் பங்கு எவ்வளவு? யூரிக் அமிலத்துடன் ஒப்பிடுக.

2. பென்குவின்கள் வாழும் இடத்தில் செடி இல்லை. அவை கைவிட்ட இடத்தில் செடி செழிக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் கூறுக.

3. அலூஷியன் ஆய்வில் தீவுகளை ஒப்பிட்டதோடு நிற்காமல் பாத்திகளுக்கு உரமிட்டுப் பார்த்தது ஏன்?